கடலைக் கொல்லையில் கம்பளிப்பூச்சி

புழு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பயம் இல்லை, அருவருப்பு. கத்தரிக்காய் நறுக்கும்போது ஒரு புழு நெளிந்ததைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். நிலம் என்று ஒரு சாண்கூட எங்களுக்குக் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்து, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்ததும் பூச்சி நுழைய முடியாத இடம்தான். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி. பெயின்ட் பூத்துக்குள் போவதற்கு முன் தலை முதல் கால் வரை மூடுகிற உடுப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சின்ன அறையில் நிறுத்தி நாலு பக்கமும் காற்றடித்து உடம்பில் இருக்கிற தூசியை உதிர்ப்பார்கள். ஈரப் பெயின்டில் ஒரு கொசு விழுந்தால்கூட அந்த பம்பர் ரிஜெக்ட். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் வந்தது. என் மனைவிக்கு வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கிராமம். வேறொரு கம்பெனியில் ஒயரிங் லைனில் நின்றவள். ஒரே இடத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்று பழகினோம். மாமனார் இறந்த பிறகு வீடும் அதை ஒட்டிய ஒன்றரை ஏக்கரும் அவள் பங்குக்கு வந்தன. மாமியார் மகனோடு பென்னலூரில் தங்கிவிட்டார். மூன்று நண்பர்களோடு இருந்த வாடகை ரூமை விட்டுவிட்டு நான் அவள் வீட்டுக்குக் குடிபோனேன். போன முதல் வாரம் ஒருநாள், "கொல்லிக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் வெகுநேரம் வரவில்லை. எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் அர்த்தமே வேறு. வயிறு சரியில்லையோ என்று பதறிப் போய்த் தேடினால், கடலைச் செடிக்கு நடுவில் களைக்கொட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பேச்சில் கொல்லை என்றால் புன்செய் நிலம்.

எங்கள் கொல்லைக்குக் கிழக்கே பிளாட் போட்டிருந்தார்கள். வாசலில் பெரிய வளைவு, உயரமான கம்பத்தில் கண்ணைப் பறிக்கிற விளக்கு, எண் எழுதிய கற்கள், சுற்றிலும் கம்பி வேலி. இடம் வாங்கியவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்தார்கள். ஒரு வீடுகூட எழும்பவில்லை. கற்களுக்கு நடுவில் எருக்கும் பார்த்தீனியமும் கோரையும் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தன.

அந்த வருஷம் ஆனியில் கடலை விதைத்தோம். மனைவி அப்போது ஐந்து மாதம், வேலையை விட்டிருந்தாள். செடி நன்றாக முளைத்து இலை விட்டிருந்த சமயத்தில் ஒரு பெருமழை பெய்தது. மறுநாள் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது அந்தப் பிளாட் விளக்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அந்துப்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. விளக்கில் மோதி ரோட்டில் விழுந்தவை என் சக்கரத்தில் நசுங்கின. சட்டையில் ஒன்று ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மனைவியின் முகம் சுருங்கியது.

"இது கம்பளிப்பூச்சியோட தாய். மண்ணுக்குள்ள கூடு கட்டிகினு இருந்துட்டு, நல்ல மழ பேஞ்சா வெளிய வரும். எங்கப்பா இருந்தப்போ சித்திரையில ரெண்டு தபா ஓட்டிடுவாரு. கூடெல்லாம் மேல வந்து காக்கா துன்னுடும். இவனுங்க நெலத்த ஓட்டவே இல்லியே, எல்லாம் உள்ளயே கீது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கடலை இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கசகசாவைக் கொட்டி ஒட்டியதுபோல மஞ்சள் முட்டைக் குவியல். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்றாள். குனிய முடியாமல் குனிந்து அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை என்று பறித்தோம். முட்டை அசையாது என்பதால் எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எங்கள் நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டோம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு களைச் செடியிலும் அதே மஞ்சள் குவியல்.

பிளாட் விற்கிறவரைப் போய்ப் பார்த்தேன். வளைவுக்கு உள்ளே ஒரு கன்டெய்னரை ஆபீஸாக மாற்றி ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை. தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் வரப்பை ஒட்டிய பிளாட்டுகளில் ஒரே ஒரு தடவை டிராக்டர் ஓட்ட விட்டால் போதும், செலவு எங்களுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் நீங்க. கல்லு நவுந்துடும். அதுவும் இல்லாம, உழுது போட்டா வெவசாய நெலம் மாரி தெரியும். அப்புறம் எவன் சார் வாங்குவான்?"

களையையாவது வெட்டிப் போடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கமாட்டார் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

முட்டை பொரிந்ததும் முதலில் எதுவும் தெரியவில்லை. பிளாட்டில் இருந்த களையின் இலைகள் மட்டும் சல்லடையாக ஓட்டை விழுந்து வெளுத்தன. பிறகு ஒருநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டே வரப்புப் பக்கம் போனேன். வேலிக்கு அடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது. செம்பழுப்பு மயிரும் கறுப்புப் பட்டையுமாக விரல் நீளப் புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே திசையில், எங்கள் கடலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் தின்ன எதுவும் மிச்சமில்லை. நின்று கேட்டால் சத்தம் கேட்டது. இலை மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு மெல்லிய சரசரப்பு; அவை தின்கிற சத்தம். என் வாயில் இருந்த பேஸ்ட்டோடு அங்கேயே வாந்தி எடுத்தேன். மசக்கைக்காரி உள்ளேயிருந்து ஓடி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இது தெருவுக்கே தெரிந்து, பிள்ளை யாருக்கு உண்டாகியிருக்கிறது என்று ஒரு வாரம் கேலி செய்தார்கள்.

வாலாஜாபாத் மருந்துக் கடையில் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்கள். முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, கம்பெனியில் கிடைத்த பழைய முகமூடியைப் போட்டுக்கொண்டு அடித்தேன். மருந்து அடிக்கிற இடத்தில் மனைவி நிற்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்ததால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டேன். குட்டிப் புழுக்கள் செத்தன. வளர்ந்தவை கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து மேயப் போயின. மறுநாள் காலை வேலியைத் தாண்டி வேறு கூட்டம். மருந்து நெடியில் எனக்குத்தான் தலை சுற்றியது. இனி மருந்து வேண்டாம், கையால் பொறுக்கலாம் என்று மனைவி முடிவு செய்தாள்.

அடுப்படி இடுக்கியை என் கையில் கொடுத்தாள். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் ஒரு பக்கெட்டில். புழுவை இடுக்கினால் அது வளைந்து இடுக்கியையே சுற்றும். கொஞ்சம் அழுத்திவிட்டால் மயிருக்கு நடுவிலிருந்து பச்சைச் சாறு பிதுங்கும். அந்தச் சாறு மணிக்கட்டில் தெறித்தபோது கையையே வெட்டி எறியலாம் போலிருந்தது. பக்கெட்டில் அவை மூழ்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளிம்புக்கு வந்துவிடும். குச்சியால் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும். மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு அரைக்கீரை ஆய்கிற மாதிரி பொறுக்கினாள். கோழிகளை அவிழ்த்து விட்டுப் பார்த்தோம். ஒன்றைக் கொத்திவிட்டு, அலகைத் தரையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டன. கோழிக்கே வேண்டாத பொருளை நான் கையால் அள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. சுவரில், கதவிடுக்கில், தண்ணீர்க் குடத்தின் மூடியில். ஒருநாள் கொடியில் காய்ந்த யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மாட்டினேன். அக்குளில் சுரீரென்றது. கழற்றி உதறினால் ஒரு புழு விழுந்தது. அதற்குள் அதன் மயிர் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது. வேறு சட்டை ஈரம், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அதையே தட்டிப் போட்டுக்கொண்டு போனேன்.

மதியத்துக்குள் கழுத்தும் கையும் மார்பும் தடித்துச் சிவந்துவிட்டன. பூத்துக்குள் அந்த மூடிய உடுப்பில் சொறியவும் முடியாது. கண்ணில் நீர் வழிய நின்றேன். கான்டீனில் சட்டைக் கையை மடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் இருந்தவன் என் கையைப் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போனான். பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். சாம்பார் கரண்டியை நான் தொட்டபிறகு வேறு யாரும் தொடவில்லை. புழுவைப் பார்த்து என் முகம் எப்படிப் போகுமோ அப்படித்தான் அவர்கள் முகம் போயிற்று. கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சூப்பர்வைசர் கூப்பிட்டு, இது சொறியா, எத்தனை நாளாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று விசாரித்தார். கம்பளிப்பூச்சி என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் அலர்ஜிதான் என்று எழுதிக் கொடுத்தும், சூப்பர்வைசர் தடிப்பு முழுதாக வாடிய பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். காலையில் இரண்டு பம்பரில் ஏதோ மயிர் ஒட்டி ரிஜெக்ட் ஆகியிருந்ததாம். அது எங்கிருந்து வந்தது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் நின்றபடியே தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன். மனைவி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். கம்பெனியில் நடந்ததைச் சொன்னேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு, "லீவுதான் குடுத்துட்டாங்களே, பள்ளம் எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

வேலியை ஒட்டி, எங்கள் எல்லைக்குள், முழங்கால் ஆழத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் வெட்டினேன். ஓரங்களைச் செங்குத்தாகச் சீவச் சொன்னாள். சரிவாக இருந்தால் ஏறிவிடுமாம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் காட்டாமணக்குக் கிளைகளை வெட்டிப் பரப்பினோம். தப்பி வருகிற புழு அந்த இலையில் மொய்க்கும், மொத்தமாக அள்ளலாம். கையெல்லாம் கொப்புளம். ஆனால் பள்ளம் வேலை செய்தது. மறுநாள் காலை வரிசை வரிசையாக வந்து உள்ளே விழுந்தன. ஏற முயன்று, மண்ணோடு சரிந்து, மறுபடி ஏறின. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, விழுந்தவற்றின் மேல் மட்டும் நான் மருந்துத் தூளைத் தூவினேன். பள்ளத்தின் அடி முழுக்கப் பழுப்பு மயிர்ப் படுக்கையாக ஆகிவிட்டது.

அடுத்து நாற்றம் கிளம்பியது. செத்த புழுக்கள் வெயிலில் ஊறி, அழுகி, மீன் கழுவிய தண்ணீரையும் ஈரத்துணியையும் சேர்த்து மூடி வைத்த மாதிரி ஒரு வாடை. ஈ மொய்த்தது. மண் போட்டு மூடுவோம், அதன்மேல் புதிதாக விழும். சோறு வடிக்கும்போது வருகிற ஆவியில்கூட எனக்கு அந்த வாடைதான் வந்தது. தடிப்பு வாடி வேலைக்குத் திரும்பிய பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது பிளாட் வளைவுக்கு முன்னால் இரண்டு வேன்கள் நின்றன. சென்னையிலிருந்து இடம் பார்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். பந்தல், குளிர்பானம், பலூன். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாவின் கொசுவத்தில் புழு ஏறிவிட்டது. அவர் அழுதுகொண்டே வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் கொஞ்ச நேரத்தில் ஏறிக்கொண்டார்கள். வேன்கள் போனதும் வெள்ளைச் சட்டைக்காரர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். முதல் நாள் இருந்த மரியாதை இல்லை. பள்ளத்தை உடனே மூட வேண்டும், நாற்றத்தால் வியாபாரம் கெட்டுவிட்டது என்றார்.

மனைவி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பூச்சி உங்க எடத்துலருந்து வருது. நாங்க அள்ளிப் பொதைக்கிறோம். நாத்தம் மட்டும் எங்களுதா?"

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, இடத்தைச் சுத்தம் செய்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மனைவி அப்படி நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் லைனில் இருந்தபோது போன் வந்தது. ஜே.சி.பி. வந்து களையைச் சுரண்டுகிறது, எல்லாவற்றையும் நம் வேலிப் பக்கமே தள்ளுகிறான், வா என்றாள். அரை நாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு ஓடினேன். நான் போகும்போது பிளாட் முழுக்க வழித்துவிட்ட தலைபோல சுத்தமாக இருந்தது. எருக்கு, பார்த்தீனியம், கோரை, மேல்மண், புழு எல்லாம் ஆளுயரக் குவியலாக எங்கள் எல்லை நெடுக. வேலி சாய்ந்து, பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்துபோயிருந்தது. குவியலின் மேல்புறம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. நசுங்கியவை, பாதி உடம்பு மண்ணுக்குள் மாட்டியவை, முழுசாகத் தப்பியவை. தப்பியவை ஏற்கெனவே எங்கள் கடலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

மனைவி குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதனால் வண்டி நின்றிருந்தது. டிரைவர் சாத்தூர்ப் பக்கத்து ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. "இங்கன தள்ளுன்னாக, தள்ளுதேன். எனக்கு என்னண்ணே தெரியும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கன்டெய்னருக்குப் போனேன். பூட்டியிருந்தது. போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்து, நீங்கள் கேட்டதைத்தானே செய்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தேன். என் செருப்பில் புழு ஏறியது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. தின்ன இலை இல்லாததால் வேறு இடம் போகிற ஜந்து அது. அதைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட, அந்த மனிதர் குளிர்ந்த அறையில் நீட்டிய தண்ணீரை நான் வாங்கிக் குடித்ததை நினைத்தபோது வந்த குமட்டல் அதிகமாக இருந்தது. மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆள் பிடி, நம்ம ரெண்டு பேரால் ஆகாது என்றாள்.

பழைய ரூம் நண்பர்களுக்குப் போன் போட்டேன். மூன்று பேருமே தெற்கத்திப் பையன்கள். இரண்டு பேருக்கு வீக்லி ஆஃப், ஒருவன் ஓ.டி.யை விட்டுவிட்டு வந்தான். அவர்கள் கம்பெனியில் போடுகிற ரப்பர் கையுறையை ஒரு கட்டு கொண்டு வந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, புழுவைப் பொறுக்கி, களையை எரித்து, பள்ளத்தைத் திரும்ப எடுத்தோம். அவர்களில் இரண்டு பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள், முகம் சுளிக்கவில்லை. மூன்றாமவன் என்னைப் போல. அவன் ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பொறுக்கினான். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மதியத்துக்கு மனைவி பிரியாணி செய்திருந்தாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். நீளமாக வெந்து கிடந்த அரிசியையும் அதன்மேல் பழுப்பாக வறுத்துப் போட்ட வெங்காயத்தையும் பார்த்துவிட்டு நானும் மூன்றாமவனும் தட்டைத் தள்ளி வைத்தோம். எங்கள் பங்கையும் சேர்த்து மற்ற இருவரும் சாப்பிட்டார்கள்.

கிழக்குப் பக்கத்துக் கடலை தேறவில்லை. குச்சி குச்சியாகக் காம்பு மட்டும் நின்றது. மீதியைக் காப்பாற்றிவிட்டோம். அறுவடை சுமார்தான் என்றாலும் காய் நல்ல திரட்சி. பாதியை விற்றுவிட்டு, பாதியை வாலாஜாபாத் செக்கில் ஆட்டி எண்ணெயாக்கிக்கொண்டோம். மூன்று நண்பர்களுக்கும் ஆளுக்கு ஒரு பை பச்சைக் கடலை. அவித்த கடலையைத் தின்ன எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எண்ணெயில் செய்த குழம்பு மட்டும் முதல் நாளிலிருந்தே இறங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

கார்த்திகையில் மகள் பிறந்தாள். மாமியார் பென்னலூரிலிருந்து வந்து மூன்று மாதம் இருந்து பார்த்துக்கொண்டார். பங்குனியில் ஒருநாள், எங்கள் வரப்பை ஒட்டிய பிளாட்டுகளில் இரண்டை வாங்கியிருந்த ஒரு பெரியவர் மணிமங்கலத்திலிருந்து தன் இடத்தைப் பார்க்க வந்தார். வெயிலுக்கு எங்கள் வீட்டில் மோர் குடிக்க வந்தவரிடம் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கல்லை நகர்த்தாமல் ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்டார். ஓட்டுவோம் என்றாள். என் இடம்தானே, ஓட்டிக்கொள்ளுங்கள், விற்றவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற பிளாட்டுகளின் சொந்தக்காரர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது. கிடைத்தது இவ்வளவுதான்.

சித்திரையில் மழை பெய்த மறுநாள் எங்கள் கொல்லையையும் அந்த இரண்டு பிளாட்டையும் ஓட்டினோம். டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் காக்கையும் வரிசை கட்டி வந்தன. புரட்டிய மண்ணில் கரும்பழுப்புக் கூடுகள் பேரீச்சங்கொட்டை மாதிரி கிடந்தன. பறவைகள் விட்டதை மனைவி முறத்தில் பொறுக்கினாள். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு கூட்டை எடுத்து என் பக்கம் நீட்டி, இதில் மயிர் கிடையாது, அரிக்காது, கையில் பிடித்துப் பார் என்றாள். அவள் விரல்களுக்கு நடுவில் அதன் வால் நுனி சுழன்றது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டேன்.